ஏலம் முதலில், ஊர் கடைசியிலா?

மாண்புமிகு ஒன்றிய சுரங்க அமைச்சருக்கு,

வணக்கம். மேலூர் வட்டாரத்திலிருந்து எழுதுகிறேன். 2024 நவம்பர் 7 அன்று எங்கள் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோதுதான், சுமார் 5,000 ஏக்கர் அதற்குள் போயிருப்பது எங்களில் பலருக்குத் தெரிந்தது. 2022-இல் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியும் அதில் இருந்தது. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் உள்ள ஊர். மழை பெய்தால் பாறையில் வழியும் தண்ணீர் சுனையில் தங்கி, மிச்சம் கண்மாய்க்கு இறங்கும். அதை நம்பித்தான் நாற்றுப் பாவுகிறோம்.

யாரிடம் போய் முறையிடுவது? 2023 சட்டத்திருத்தப்படி டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடுவது நீங்கள். குத்தகை கொடுப்பது மாநிலம். முன்பே எதிர்த்தோம் என்றது மாநிலம். ஏலம் அறிவித்தபின் மறுப்பே வரவில்லை என்றது உங்கள் அமைச்சகம். இந்தப் பேச்சில் எங்கள் கிராம சபைக்கு இடமே இல்லை.

ஏலம் எடுப்பவர் நிலையும் எனக்குப் புரிகிறது. வன அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் ஏலத்துக்குப் பிறகுதான். தோண்ட முடியுமா என்று தெரியாமலே விலை கேட்கிறார்கள். கனிமம் எடுப்பவர் கட்டும் ராயல்டி வரிதான் என்று 1989-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், வரியல்ல என்று 2024-இல் சொன்னது. அதனால் தனியாகக் கனிம வரி போடவும், 2005-இலிருந்து அதன் பாக்கி கேட்கவும் மாநிலங்களுக்கு வழி திறந்தது. எந்தக் கணக்கை நம்பி முதல் போடுவார்கள்?

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தோம். பக்கத்து வீட்டு அப்பத்தா பட்டா நகலை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். வழியில் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டினார். அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது. அதற்கு நன்றி.

ஆனால் விதி மாறவில்லை. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம், முக்கியக் கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று குறிப்பாணை போட்டுவிட்டது. எங்களுக்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்டது.

அதைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். ஏல அறிவிப்புக்கு முன்பே புல எண்களோடு வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். கிராம சபைத் தீர்மானத்தை ஏல ஆவணத்தோடு சேருங்கள். விலை கேட்பவரும் படிக்கட்டும். மாநிலத்தின் மறுப்பை எத்தனை நாளுக்குள், யார் பரிசீலிப்பது என்பதை விதியில் எழுதுங்கள். அடுத்த ஏலப் பட்டியல் வருவதற்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்து விவசாயி ஒருவர்