பாம்பன் தம்பிக்கு: கேமை எடுத்துடாத

தம்பிக்கு,

நல்லா இருக்கியா, அம்மா நல்லா இருக்காங்களா. நான் தங்கச்சிமடம் கடைல இருந்து எழுதுறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது மூணாவது சிஸ்டத்துல உக்காந்து மணிக்கு இருபது ரூபா குடுத்து ஆடுவியே, அதே கடை. போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நீ போன்ல எதச் சொன்னாலும் "சரிண்ணே சரிண்ணே"ன்னு வச்சிருவ, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன். உன்ன மாதிரி இன்னும் ரெண்டு பேரு எங்கயாச்சும் இருந்தா அவங்களும் படிக்கட்டும்.

நீ செஞ்ச வள்ளம் ஓட்டுற கேமப் பத்தி நீ போட்ட ஸ்டேட்டஸ் பாத்தேன். "யாருக்கும் புடிக்கல, மாசக் கடைசில ஸ்டீம்ல இருந்து கேமை எடுத்துடுறேன்"னு போட்டிருக்க. (ஸ்டீம்னா கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடை, தெரியாதவங்களுக்குச் சொல்றேன்.) அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா யாருக்கும் புடிக்கலங்கிறது உண்மை இல்ல, புடிச்சவன்ல நான் ஒருத்தன், ஆனா நான் அங்க ரிவ்யூ ஒரு வரி கூட எழுதல. வாங்குன அன்னைக்கே முடிச்சுட்டேன், முடிச்சுட்டு கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தேன், அதுக்குள்ள ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஒரு பெரியம்மா வந்தாங்க, எந்திரிச்சுப் போயிட்டேன். மூணு வாரம் ஆச்சு. உன்னத் திட்டுன மூணு பேரும் அன்னைக்கே எழுதிட்டாங்க. புடிச்சவன் பேசாம போயிடுறான், புடிக்காதவன் உக்காந்து எழுதிட்டுப் போறான், சின்ன கேம் செய்யிற எல்லாருக்கும் இதுதான் நடக்குது. லட்சம் பேரு ஆடுற கேம்ல மூணு பேரு திட்டுனா யாரு கண்ணுக்கும் தெரியாது. உன் கேம் பக்கத்துல கணக்குல சேந்த ரிவ்யூ மொத்தமே ஏழு.

ஏழுதானான்னு நீ குழம்பியிருப்ப, உன் காலேஜ் பசங்க பன்னெண்டு பேரு எழுதுனாங்களேன்னு. அவங்களுக்கு நீ காசு இல்லாம ஆட கீ, அதான் அந்தக் கோடு, குடுத்தேல்ல, அதனாலதான். 2016ல இருந்தே ஸ்டீம்ல காசு குடுத்து அங்கயே வாங்குனவன் எழுதுனாத்தான் கணக்குல சேரும், கீ போட்டு ஆடுனவன் எழுதுறது பக்கத்துல தெரியும், ஆனா மார்க்குல சேராது. சேருறது பத்து வந்தாத்தான் "பாசிட்டிவ்" "மிக்ஸ்டு"ன்னு ஒரு பேரே விழும். அது வரைக்கும் கேமுக்கு மேல ஒண்ணும் இருக்காது, வர்றவன் இத இன்னும் யாரும் ஆடலபோலன்னு நினைச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுவான். நூறு டாலர் கட்டித்தான அதுல ஏத்துன. அந்தக் காசு எப்புடி சேந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டா, உங்க அம்மா கடல்பாசி எடுத்துச் சேத்த காசு. ஆயிரம் டாலருக்கு வித்தாத்தான் அது திரும்ப வரும். அதுக்குள்ள எடுத்துடுறேங்கிற.

சரி, அந்த மூணு பேரு என்ன எழுதியிருக்காங்கன்னு உக்காந்து நிதானமா படிச்சேன்.

ஒருத்தன் "ஒரு மணி நேரம் கூட இல்ல, 120 ரூபாய்க்கு இது அநியாயம்"ங்கிறான். இதுக்கு நீ வருத்தப்படாத. வெண்பான்னு ஒரு கேம் வந்துச்சே 2023ல, கனடாவுக்குப் போன நம்ம தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்ச சமையல் நோட்ட வச்சு சமைக்கணும், இட்லித் தட்ட எப்புடி அடுக்கணும்ங்கிறதே அதுல ஒரு புதிர். அதுவும் ஒண்ணு ஒன்றரை மணி நேரம்தான். அதுக்கும் சின்னதா இருக்குன்னு நிறைய பேரு சொன்னாங்க. அடுத்த வருசம் அதுக்கு இங்கிலாந்துக்காரங்க குடுக்கிற பாஃப்டாவுல முதல் கேமுக்கான விருதும், சின்ன டீம் கேமுங்களுக்கான ஐஜிஎஃப் விழாவுல பெரிய பரிசும் கெடச்சுச்சு. சின்னதா இருக்கிறது குத்தம் இல்ல. ஆனா ஸ்டீம்ல வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா காசத் திருப்பிக் கேக்கலாம், உன் கேம் 55 நிமிசம், முழுசா முடிச்சுட்டும் கேக்கலாம். 2021ல எமிகா கேம்ஸ்னு ஒருத்தரு இதனாலதான் கேம் செய்யிறதையே நிறுத்துறேன்னு சொன்னாரு, நல்லா இருக்குன்னு எழுதிட்டே காச வாங்கிட்டுப் போயிருக்காங்க. அந்த விதிய நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், என் பழைய சிஸ்டத்துல ஓடாத கேமுக்கு நானே காசத் திரும்ப வாங்கியிருக்கேன். ஆடி முடிச்சவன் கேக்கக் கூடாது, அது ஆடுறவன் மனசுல இருக்கணும்.

ரெண்டாவது ஆளு "ட்ரெட்ஜ் காப்பி"ன்னு எழுதிட்டான். எனக்குக் கோவம் வந்தது இதுக்குத்தான். ட்ரெட்ஜ் நானும் ஆடியிருக்கேன், நியூசிலாந்துல சின்ன டீம் ஒண்ணு செஞ்சு 2023ல விட்டது, நல்ல கேம், ராத்திரி ஆனா மூடுபனி, பயம், புடிச்ச மீன கட்டம் கட்டமா அடுக்கணும். உன்னோடதுல அது எதுவுமே இல்ல, போட்டும் மீனும் இருக்குங்கிறத தவிர. உன் கேம்ல தாத்தாவோட வள்ளத்துல வடகடல்ல போறோம், கையில ஒண்ணுமே தெரியல, எண்ணெயில போற மாதிரி போகுது, பாம்பன் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்த உடனே பட்டன் கனக்குது, வள்ளம் சொல்ற பேச்சு கேக்கல, தாத்தா ஒண்ணும் பேசாம துடுப்ப இறுக்கிப் புடிக்கிறாரு, தென்கடல். ஒரு பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கடல்ங்கிறத ஒரு வார்த்தை சொல்லாம கைக்குப் புரிய வச்சிட்ட. இத எந்த ஊர்க்காரன் வேற எங்க இருந்து காப்பி அடிக்க முடியும்.

ஆனா மூணாவது ஆளு எழுதுனத நீ நூறு தடவை படி. "எழுத்து படிக்க முடியல, இடையில விட்டுட்டேன்". ஒரே வரி, கட்டைவிரல் கீழ. இவன் உன் எதிரி இல்லடா, உனக்கு நல்லது பண்ணியிருக்கான். எனக்கும் அதே இடத்துலதான் உடைஞ்சுச்சு. கொண்டல்னு வர வேண்டிய எடத்துல கொம்பு தனியா ககரம் தனியா கால் தனியா நிக்குது. நான் ஊர்க்காரன், ஊகிச்சுப் படிச்சுட்டேன், மெட்ராஸ்ல இருக்கிறவன் என்ன பண்ணுவான். கேம் செய்யிற சாப்ட்வேர் கோடாட் இருக்குல்ல, நீ அதோட பழைய வெர்ஷன்லயே இருக்கன்னு நினைக்கிறேன். கொ-ன்னு அடிச்சா ககரத்துக்கு முன்னாடி கொம்பையும் பின்னாடி காலையும் அதுவா பிரிச்சு வைக்கணும், பழைய வெர்ஷனுக்கு அது தெரியாது, 2023 மார்ச்ல வந்த 4.0ல இருந்துதான் சரியா வருது. மாத்துறது பெரிய வேலைதான், தெரியும். ஆனா தமிழ்ல கேம் செஞ்சுட்டு தமிழ் உடைஞ்சு நிக்கிறத நீ விட்டுட்டுப் போகக் கூடாது.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை எங்க அப்பாவ கடைக்குக் கூட்டிட்டு வந்து உன் கேம ஆட வச்சேன். உனக்குத் தெரியும்ல, நாப்பது வருசம் வள்ளத்துல போனவரு, இப்ப முட்டு வலின்னு போறதில்ல. மவுஸக் கூட புடிச்சது இல்ல. முதல்ல "எனக்கு எதுக்குடா இது"ன்னாரு. அப்புறம் வலை இழுக்கிற எடம் வந்துச்சு, ஸ்பேஸ் பார அமுக்கி விட்டு அமுக்கி விட்டு இழுக்கணும்ல, அவரு ஒவ்வொரு தடவையும் அமுக்கிட்டு கைய பின்னால இழுக்குறாரு, முழங்கை சேர்ல இடிக்குது, நாலாவது தடவைல இருந்து உடம்பே பின்னால சாயுது. நான் ஒண்ணும் சொல்லாம பாத்துட்டு இருந்தேன். அவசரமா அமுக்குனா வலை கிழியிற மாதிரி நீ வச்சிருக்கியே, எனக்கு ரெண்டு தடவை கிழிஞ்சுச்சு, அவருக்கு ஒரு தடவை கூட கிழியல.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போயி கொஞ்ச நேரம் ஓட்டுனாரு. மேல மூலையில "மார்கழி"ன்னு எழுதியிருக்கிறத அப்பத்தான் பாத்தாரு. நிறுத்திட்டாரு. "மார்கழியில தென்கடல் இப்புடி பொங்காதுடா. வாடைக்காத்து அடிக்கிற மாசம், வடகடல்தான் பொங்கும், தென்கடல் படுத்துக் கெடக்கும். தென்மேற்குல இருந்து கச்சான் அடிக்கும்போதுதான் இந்தப் பக்கம் ஆடும். பெண்கடல்னு பேரு வச்சதுனால வடகடல் எப்பவும் சாதுன்னு நினைச்சுட்டானா பய? தனுஷ்கோடிய அள்ளிட்டுப் போனதே மார்கழியிலதான"ன்னாரு. 64 புயலப்ப அவருக்கு அஞ்சு வயசு.

தம்பி, இத நீ குறையா எடுத்துக்காத, இதுலதான் உன் கேமோட மிச்சப் பாதியே இருக்கு. மாசம் மாறுனா ரெண்டு கடலும் எடம் மாத்திக்கணும். வாடையில தென்கடல் லேசு, கச்சான்ல வடகடல் லேசு, எந்த மாசம் எந்தக் கரையில எறங்குறதுங்கிறத ஆடுறவன் முடிவு பண்ணணும். நம்ம ஆளுங்க நிசமாவே அதத்தான பண்றாங்க, காத்துக்குத் தகுந்த மாதிரி கரைய மாத்துறாங்க. புதுசா ஒரு படம் கூட வரைய வேண்டாம், இருக்கிற ரெண்டு கடலும் போதும், 55 நிமிசம் தானா நீளும். கேமே ஆடாத ஒரு மனுசன் பத்து நிமிசத்துல இதச் சொல்லிட்டாரு.

இன்னொண்ணு. பாசி எடுக்கிற அம்மா வர்ற பகுதிய முதல் ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி "போரிங்"னு எழுதியிருக்காங்க. அத மட்டும் வெட்டிடாத. வெரல் ஒவ்வொண்ணுலயும் துணி சுத்துறது, கண்ணாடிய எச்சி தொட்டுத் தொடைக்கிறது, மூச்ச அடக்குறதுக்கு பட்டன புடிச்சுட்டே இருக்கணும், விட்டா மேல வந்துருவாங்க, பை பாதிதான் நெறஞ்சிருக்கும். நான் அந்தப் பட்டன புடிச்சிட்டு இருக்கும்போது என் மூச்சையும் புடிச்சிட்டு இருந்தேன். அந்தத் துணி சுத்துற சீன்ல கடைசி முடிச்ச பல்லால கடிச்சு இறுக்குறாங்கல்ல, அது உங்க அம்மா பண்றது, நான் பாத்திருக்கேன். போரடிக்குதுன்னா அடிக்கட்டும். ஆனா கைக்கு வலிக்குதுங்கிறவனுக்கு ஒரு வழி வை, செலஸ்ட்னு ஒரு கேம்ல அசிஸ்ட் மோடுன்னு 2018லயே வச்சாங்க, கேமோட வேகத்தையே கொறச்சுக்கலாம். எங்க அப்பா மாதிரி ஆளுக்கு அது வேணும்.

நீ ஒரு மாசத்துல முடிவு கட்டுற. லாக்டவுன்ல ஊரே ஆடுச்சே அமங் அஸ், அது 2018ல வந்த கேம், ரெண்டு வருசம் கொஞ்சம் பேருதான் ஆடிட்டு இருந்தாங்க, அதச் செஞ்சவங்க அத மூடிட்டுப் போயிருந்தா 2020ல என்ன இருந்திருக்கும். ஸ்டார்டியூ வேலி ஒரே ஆளு நாலு வருசத்துக்கு மேல செஞ்சது, ராத்திரி தியேட்டர்ல வேலை பாத்துட்டு. 2016ல விட்டாரு, இன்னும் அதுக்கு இலவசமா புதுசு புதுசா சேத்துக்கிட்டுத்தான் இருக்காரு. உனக்கு அவ்வளவு விக்கும்னு நான் சொல்ல வரல, எனக்குத் தெரியாததச் சொல்ல மாட்டேன். ஒரு மாசம் பத்தாதுன்னு மட்டும் சொல்றேன்.

நேத்து ராத்திரி நான் என் ரிவ்யூவப் போட்டுட்டேன். கட்டைவிரல் மேலதான், ஆனா எழுத்து உடைஞ்சதையும் எழுதியிருக்கேன், மார்கழி தப்பையும் எழுதியிருக்கேன், பாலத்துக்கு அடியில பட்டன் கனக்குறதப் பத்தி ஆறு வரி எழுதியிருக்கேன். இப்ப எட்டு. நம்ம பசங்ககிட்ட சும்மா நல்லா இருக்குன்னு எழுதுங்கடான்னு கேக்க மாட்டேன், நீயும் கேக்காத, அதுல உனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல.

வேற ஒண்ணு பண்ணலாம். இப்ப தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாது, போட்டுல போற பசங்க பாதிப் பேரு மதியம் ஆனா என் கடைலதான் கெடக்குறானுங்க. மூணாவது சிஸ்டத்துல உன் கேம போட்டு வச்சிருக்கேன், 4 ஜிபி ராம்தான், பாலத்துக்கிட்ட வரும்போது கொஞ்சம் திக்குது, அதையும் பாரு. நீ எழுத்தச் சரி பண்ணி அனுப்பு, ஒருத்தன் ஒருத்தனா உக்கார வைக்கிறேன். எந்த எடத்துல கை நிக்குது, எந்த எடத்துல எந்திரிச்சுப் போறான்னு பக்கத்துல நின்னு நோட்டுல எழுதித் தர்றேன். அவனுங்க பொய் சொல்ல மாட்டானுங்க, வலைய தப்பாப் போட்டிருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுவானுங்க.

அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு, மறந்துட்டேன் பாரு. கடைசில கரைவலை இழுக்கிற சீன்ல மீன் நிக்கிற மடி, அதான் வலையோட பை, கரைக்கு வந்து சேருது, ஆனா கரையில ஒரு காக்கா கூட இல்லையாம். மனுசங்களுக்கு முன்னாடி அதுதான வரும், அதப் போடச் சொல்லுன்னாரு.

அண்ணன்,
தங்கச்சிமடம்