டோக்கியோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

காலையில் மொழிப்பள்ளி, சாயங்காலம் ஓர் உணவகத்தில் வேலை. மாணவர் விசாவில் பள்ளி நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்ய விடுவார்கள். இப்போது என்னைக் கல்லாவில் நிற்க வைத்திருக்கிறார்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது. ஊறுகாய் இன்னும் மிச்சமிருக்கிறது.

அப்புறம், உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூட வேலை செய்யும் பையன் சொன்னான் என்று 'கின்தாமா' பார்க்க ஆரம்பித்தேன். 2006-இல் டிவியில் தொடங்கிய அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். சாமுராய் கதைதான், ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். முதல் இரண்டு எபிசோடு கதையை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கானது. கதை மூன்றாவதில்தான் தொடங்குகிறது.

வேற்றுக்கிரகத்தார் எடோ நகரில் (டோக்கியோவின் பழைய பெயர்) வந்திறங்கி அதிகாரம் செய்கிறார்கள். சாமுராய்கள் வாள் ஏந்தத் தடை. நிஜ ஜப்பானிலும் 1876-இல் அரசு இப்படியொரு தடை போட்டது. வாள்பயிற்சிக்கூடம் நடத்திய அப்பா இறந்துவிட, மகன் ஷின்பாச்சி உணவகத்தில் வேலைக்கு நிற்கிறான். அவனுக்குக் கல்லா சரியாக வரவில்லை. வேற்றுக்கிரக வாடிக்கையாளன் காலை நீட்டி அவனை விழவைக்கிறான். முதலாளியோ இவனைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வரவில்லை அக்கா.

அந்தக் கலவரத்தில் ஒருவரின் பார்ஃபே கொட்டிவிடுகிறது. உயரமான கண்ணாடிக் கோப்பையில் ஐஸ்கிரீம், கிரீம் எல்லாம் அடுக்கி, மேலே சாக்லேட் ஊற்றித் தருவது. எங்கள் கடையிலும் உண்டு. கொட்டியது கதாநாயகன் கின்தோகியுடையது. சுருட்டை முடி, இடுப்பில் மரவாள். எழுந்து ஒரே போடு! அந்த வாளின் பிடியில் 'தோயா ஏரி' என்று எழுதியிருக்கும். ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில் உள்ள ஏரி அது; கதையை எழுதிய ஹிதேயாகி சொராச்சியும் ஹொக்கைடோக்காரர்.

ஷின்பாச்சியின் அக்கா ஒதாயே வந்த பிறகு கதையே மாறிவிடுகிறது. அப்பா வைத்துப்போன கடனுக்காகக் கடன்காரனின் கப்பலில் ஏறிப் போகவும் அவள் துணிந்துவிடுகிறாள். கூடத்தை விட்டுவிட்டாலும் வலி, காப்பாற்றினாலும் வலி. எப்படியும் வலிக்கத்தான் போகிறது என்றால் காப்பாற்றியே வலிக்கட்டும் என்கிறாள். நம் அச்சகத்தை விற்றுவிடலாம் என்று மாமா சொன்னபோது நீ நிமிர்ந்து பார்த்து "மாட்டேன்" என்றாயே, அதே முகம். ஷின்பாச்சியும் கின்தோகியும் அந்தக் கப்பலைத் துரத்திக்கொண்டு போகும்போது நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை பணம் அனுப்புகிறேன். வட்டியைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் மெஷின் ரோலரை மாற்றிவிடு. தீபாவளி கார்டு ஆர்டர் வந்ததா என்று எழுது.

அன்புடன்,
தம்பி