முன்வரிசையை விற்காதீர்கள்: ராக் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ராக் நிகழ்ச்சிகளை நடத்துகிற ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நான் சென்னைக்காரி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருடமாக ராக் ஷோக்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போனால் பாரிகேடை, அதாவது மேடைக்கு முன்னால் கூட்டத்தைத் தடுக்கப் போடும் இரும்புத் தடுப்பை, பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் போடும் பாரிகேடுகளை நன்றாகத் தெரியும். எது ஆடும், எது அசையாமல் நிற்கும் என்று கை வைத்தவுடன் சொல்லிவிடுவேன். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்து, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த நாள். முந்தைய நாள் இரவு சென்ட்ரலில் பெங்களூர் மெயில் ஏறினோம், நானும் அலுவலகத் தோழி ஒருத்தியும். எங்கள் பெட்டியில் ஏழெட்டுப் பேர் கறுப்பு டிஷர்ட்டில் இருந்தார்கள். ஜோலார்பேட்டை தாண்டியும் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் முகம் கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் மைதானத்து வாசலில் உட்கார்ந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் குவாஹாத்தியிலிருந்து ரயிலேறி வந்த நாலு பையன்கள். அவர்களிடம் இந்தியும் எங்களிடம் தமிழும். நடுவில் ஏதோ ஓர் ஆங்கிலம். மதியம் அவர்கள் சாப்பிடப் போனபோது அவர்கள் இடத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம். திரும்பி வரும்போது எங்களுக்கும் இரண்டு பன் வாங்கி வந்தார்கள்.

கதவு திறந்ததும் ஓடி பாரிகேடைப் பிடித்தோம். முதலில் டெல்லியின் பரிக்ரமா. வயலினை வைத்துக்கொண்டு ராக் வாசிக்கிற குழு. அதற்குள்ளேயே எங்களுக்கு நாக்கு வறண்டுவிட்டது. இடத்தை விட்டுப் போனால் திரும்ப வர முடியாது. அப்போதுதான் அவரைப் பார்த்தேன். பாரிகேடுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியில், ஐம்பது வயதிருக்கும் ஒரு செக்யூரிட்டிக்காரர் கையில் தண்ணீர் பாட்டிலோடு நடந்து வந்தார். "நீரு பேக்கா?" என்று கேட்பார். தலையை அண்ணாந்தால் வாயில் ஊற்றுவார். வாய் வைக்காமல் குடித்து நமக்குப் பழக்கம்தானே, அதனால் ஒரு பாட்டில் பத்துப் பேருக்கு வந்தது. பாட்டில் காலியானதும் மேடையின் ஓரத்துக்குப் போய் இன்னொன்று எடுத்து வருவார். அவருக்கு இந்த இசை பிடித்திருக்க வாய்ப்பில்லை, ஒரு காதில் பஞ்சு அடைத்திருந்தார். ஆனால் அன்று இரவு முழுக்க எங்கள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்தான்.

அப்புறம் அயர்ன் மெய்டன் வந்தார்கள். அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவர்களுடைய ரசிகர்கள் பாட்டு வரிகளை மட்டும் பாட மாட்டார்கள், கித்தார் வாசிக்கும் மெட்டையும் சேர்த்துப் பாடுவார்கள். பின்னாலிருந்து அத்தனை ஆயிரம் குரல்கள் ஒன்றாக எழும்பி என் முதுகில் வந்து மோதியபோது, அழுகிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்வரிசைக்காக எட்டு மணி நேரம் வெயிலில் உட்காருகிறவர்கள் இதற்காகத்தான் உட்காருகிறார்கள்.

இனி, கசப்பானதைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், வேறொரு ஷோ. நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். மேடைக்கு முன்னால் இருந்த இடத்தை விலைப்படி மூன்றாக வெட்டியிருந்தார்கள். முதல் பகுதிக்கு எங்கள் டிக்கெட்டைப் போல நாலு மடங்கு விலை. அது பாதிகூட நிரம்பவில்லை. அதற்குப் பின்னால், இரண்டாவது தடுப்பில் நாங்கள் நசுங்கிக்கொண்டிருந்தோம். அந்தத் தடுப்பும் சாலையில் போலீஸ் வைக்கிற வகை. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே பாட்டிலை வாங்கிப் போட்டுவிட்டார்கள். உள்ளே தண்ணீர் விற்ற கடை கூட்டத்துக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. ஏழு மணிக்கெல்லாம் அங்கேயும் தீர்ந்துவிட்டது.

என் பின்னால் ஒரு கல்லூரிப் பெண். முதலில் என் தோளில் கை வைத்தாள். பிறகு அந்தக் கை இறுகியது. "அக்கா, மூச்சு விட முடியல" என்றாள். திரும்பக்கூட இடமில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. விழவில்லை, விழ இடமில்லாததால். பக்கத்தில் இருந்த பையன்கள் மூன்று பேரும் நானுமாக அவளைத் தூக்கித் தடுப்புக்கு மேலே கொண்டுபோனோம். அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது. அங்கே நின்ற ஊழியர் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த டிக்கெட் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த பேண்டுக்கு இங்க அனுமதி இல்ல" என்றார்.

நாங்கள் கத்திய கத்தலில் அவர் அவளை வாங்கிக்கொண்டார். அவள் பிழைத்தாள், அரைமணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேண்டின் நிறத்தைப் பார் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நெரிசலில் பெரும்பாலானவர்கள் மிதிபட்டுச் சாவதாகத்தான் நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையத் தொடங்கும், யாரும் தன் இஷ்டத்துக்குக் கால் எடுத்து வைக்க முடியாது. மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சுத் திணறிச் சாவார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவே தெரியாது. அதனால்தான் முன்னால் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் நிகழ்ச்சி. முதலில் வருகிறவர்களுக்கே நல்ல இடம் என்ற ஏற்பாடு. திறந்த கதவுகளோ மிகக் குறைவு. வாசலிலேயே 11 பேர் இறந்தார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் குழுவினருக்கே விஷயம் சொல்லப்பட்டது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்டு இசை விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் 9 பேர் இறந்தார்கள். கூட்டத்தை மூன்று காலடி பின்னால் போகச் சொல்லிப் பாடகரே மேடையிலிருந்து கெஞ்சினார்.

ராஸ்கில்டுக்காரர்கள் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மேடைக்கு முன்னால் உள்ள இடத்தை அவர்களும் தடுப்புப் போட்டுப் பிரித்தார்கள். ஆனால் விலையால் அல்ல, தலைக்கணக்கால். இத்தனை பேர்தான் உள்ளே என்று எண்ணி விடுவார்கள். முன்வரிசை வேண்டுமென்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும், தனிக் காசு கிடையாது. நம் ஊரிலும் தடுப்பு வருகிறது, பிரிவு வருகிறது. எண்ணுவது மட்டும் வரவில்லை. எண்ணுகிற வேலையை விலை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர்கள். விலை முன்பகுதியைக் காலியாக வைத்துக்கொண்டு பின்பகுதியை நசுக்குகிறது. இதை நான் உடம்பால் அறிந்தவள்.

நம் ஊரில் இது வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2011 அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை. குர்கானில் மெட்டாலிகா குழுவின் நிகழ்ச்சி மேடைக்கு முன்னால் இருந்த தடுப்புப் பிரச்சினையில் நின்றுபோனது. ஆத்திரத்தில் சிலர் மேடையேறிக் கண்டதையும் உடைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரில் வாசிக்க இருந்தது. எங்களிடம் டிக்கெட் இருந்தது. வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். போனோம், நல்லபடியாக நடந்தது. முதல் தாளம் விழுந்தபோது நான் முதலில் பார்த்தது மேடையை அல்ல, பாரிகேடின் அடியை. நல்ல பாரிகேடுக்கு நம் பக்கமாக நீளும் ஒரு அடித்தட்டு இருக்கும். அதன் மேல் நாம் நிற்போம். நம் எடையே அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். சவுக்குக் கட்டையைக் கயிற்றால் கட்டி வைக்கிற தடுப்பு கோயில் திருவிழா வரிசைக்குச் சரி. ராக் கூட்டத்துக்கு ஆகாது.

2025 ஜனவரியில் அகமதாபாத்தில் கோல்ட்ப்ளே குழுவினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பாடினார்கள். இனிமேல் இந்த அளவுக்குத்தான் நடத்தப் போகிறீர்கள். அதனால் கேட்கிறேன். முன்பகுதிக்குத் தனி விலை வைக்காதீர்கள், எண்ணி விடுங்கள். வரிசை தொடங்கும் நேரத்தையும் கதவு திறக்கும் நேரத்தையும் டிக்கெட்டிலேயே போடுங்கள், அப்போது யாரும் விடியற்காலையிலேயே வந்து ஓட வேண்டியதில்லை. பாட்டிலைத் தடுப்பதென்றால் தடுங்கள். ஆனால் உள்ளே குழாயில் இலவசத் தண்ணீர் கொடுங்கள். பாரிகேடுக்கு உள்பக்கம் பாட்டிலோடு நடக்க ஆட்களை வையுங்கள். மயங்கினவரை வாங்கும்போது பேண்டைப் பார்க்காதே என்று அவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மெட்டாலிகா இரவுக்குப் பிறகு மூன்று நாள் என் காதில் இரைச்சல். இப்போதும் இரவில், மின்விசிறியை நிறுத்தினால், மெல்லிய ஒரு விசில் கேட்கும். காது பரிசோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். அது வயதால் வந்ததல்ல, சத்தத்தால் வந்தது என்றார் மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு ஒரு வரையறை சொன்னது: 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்க அமைதியான இடம் வேண்டும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். பேஸ் டிரம் நெஞ்சில் இடிக்க வேண்டும், அதற்குத்தானே வருகிறோம். அளந்து வையுங்கள், டிஷர்ட் விற்கிற கடையிலேயே காதடைப்பானையும் வையுங்கள். அது போதும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கித்தார் கற்றுக்கொள்கிறாள். அடுத்து நல்ல குழு எது வந்தாலும் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பின்னால் நின்று பார்க்கலாம் என்றேன். "நீ மட்டும் முன்னால நின்னியே அம்மா" என்கிறாள். அவளுக்கு ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கி வைத்திருக்கிறேன். டிக்கெட் விற்பனை தொடங்கியதும் மைதானத்தின் வரைபடத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்: முன்பகுதி எத்தனை துண்டு, தண்ணீர் எங்கே, வெளியே போக எத்தனை வழி. அதைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாரிகேட் பக்கத்திலிருந்து ஒரு ரசிகை
சென்னை