மைக்ரோகண்ட்ரோலருக்கு ஏற்ற மொழியும் கம்பைலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் மைக்ரோகண்ட்ரோலரை, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினியை, வைத்து புராஜெக்ட் செய்யும் மாணவர்களில் பலர், சிப்பை மட்டும் விசாரித்து வாங்கிவிட்டு, புரோகிராம் எழுதும் மொழியையும், அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரையும் சீனியர் கொடுத்த பென்டிரைவில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இதை வகுப்பிலேயே பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

பிளஸ் 2-வில் பைத்தான் படித்தவர்கள் அதன் மைக்ரோகண்ட்ரோலர் வடிவமான மைக்ரோபைத்தானிலேயே எழுதலாமே என்று கேட்பது நியாயம்தான். 264 கிலோபைட் ரேம் உள்ள ராஸ்பெர்ரி பை பைகோ போர்டில் அது தாராளமாக ஓடும். ஆனால் மைக்ரோபைத்தானுக்கு, புரோகிராம் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் ஏறத்தாழ 256 கிலோபைட்டும் ரேம் 16 கிலோபைட்டும் வேண்டும். ஆர்டுயினோ உனோ போர்டின் ஏடிமெகா328பி சிப்பில் இருப்பதோ 32 கிலோபைட் ஃபிளாஷும் 2 கிலோபைட் ரேமும்தான். இடம் போதுமான சிப்பிலும், நினைவகத்தைச் சுத்தம் செய்ய மைக்ரோபைத்தான் இடையிடையே சற்று நிற்கும் என்பதால், புரோகிராமே மைக்ரோசெகண்ட் பிசகாமல் பல்ஸ் தர வேண்டிய இடத்தில் சி மொழியே ஏற்றது.

கம்பைலர் விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. 8051 என்ற மைக்ரோகண்ட்ரோலர் வகையின் பாடத்துக்குப் பரவலாகப் பயன்படும் கெயில் சி51 கம்பைலரின் இலவசச் சோதனைப் பதிப்பு, 2 கிலோபைட்டுக்கு மேற்பட்ட புரோகிராமை ஏற்காது. 8051 வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52 சிப்பில் 8 கிலோபைட் ஃபிளாஷ் இருந்தும் அதில் கால்பங்கோடு நிற்க வேண்டியிருப்பதால், எல்சிடி திரைக்கும், எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மோடத்துக்கும் புரோகிராம் சேர்ந்ததும் மாணவர்கள் கிராக் செய்த பதிப்பைத் தேடிப் போகிறார்கள். அந்த வரம்பு எதுவும் இல்லாத எஸ்டிசிசி கம்பைலர் 8051-க்கு இலவசமாகவே கிடைக்கிறது. உனோவில் உள்ளது போன்ற ஏவிஆர் சிப்புகளுக்கும், பைகோவில் உள்ளது போன்ற ஏஆர்எம் சிப்புகளுக்கும் ஜிசிசி என்ற இலவசக் கம்பைலர் இருக்கிறது. போர்ட் பின்னை (சிப்பின் இணைப்புக் காலை) அறிவிப்பது, இன்டரப்ட் ஃபங்ஷனை (ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலையைக் கவனிக்கும் பகுதியை) எழுதுவது போன்ற சில இடங்களில்தான் கெயிலுக்கும் எஸ்டிசிசிக்கும் எழுத்துமுறை மாறும். ஓரிரு பீரியடுகளில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கம்பைலரின் போக்கையும் மாணவர்கள் அறிய வேண்டும். இன்டரப்ட் மாற்றும் ஒரு வேரியபிளுக்காக மெயின் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைப் பகுதி, காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேரியபிளை ‘வோலடைல்’ (எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது) என்று அறிவிக்காமல் விட்டால், அதுவரை ஓடிய புரோகிராம், கம்பைலர் புரோகிராமைச் சுருக்கி வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனை இயக்கியதும் அதே இடத்தில் நின்றுவிடலாம். காரணம், கம்பைலர் அந்த மதிப்பை ஒருமுறை ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் உள்ள சிறு இடத்தில்) எடுத்துக்கொண்டு, மறுபடி நினைவகத்தைப் பார்க்காது. ஏவிஆரில் ‘இன்ட்’ என்ற முழு எண் வகை 16 பிட் மட்டுமே, 32,767 வரைதான் எண்ணும் என்பதால், மில்லிசெகண்டை அதில் எண்ணினால் 33-வது வினாடியிலேயே கணக்கு எதிர்மறைக்குப் போய்விடும். இவை தெரியாத மாணவர் நல்ல சிப்பையும் பழுதென்று கழற்றிப் போடுகிறார்.

ஆகவே கல்லூரி ஆய்வகங்களில் எஸ்டிசிசியையும் ஜிசிசியையும் நிறுவ வேண்டும். புராஜெக்ட் அறிக்கையில் சிப்பின் பெயரோடு கம்பைலரின் பெயர், பதிப்பு எண், ஆப்டிமைசேஷன் நிலை ஆகியவற்றையும், அவற்றைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் மாணவர்கள் எழுத வேண்டும் என்று துறைத் தலைவர்கள் விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.