பார்க்க விடுங்கள், எழுதிக் கொடுங்கள்: பழைய கார் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பழைய கார் விற்பனையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு வண்டியை வாங்கி, கழுவி, பாலிஷ் போட்டு, விற்கும் நிலைக்குக் கொண்டுவர நீங்கள் படும் பாட்டை நான் அறிவேன். இடத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி என்று விற்காமல் நிற்கும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்குச் செலவுதான். வண்டி குறைவாக ஓடியதுபோலத் தெரிய, ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் தள்ளுவது எப்படி நடக்கிறது, யார் செய்துகொடுக்கிறார்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதை இங்கே விளக்கப் போவதில்லை. கேட்க வந்தது இரண்டே இரண்டுதான். முன்பணம் கேட்பதற்கு முன் எங்கள் மெக்கானிக்கைப் பார்க்க விடுங்கள். ஓடிய கிலோமீட்டரை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இதை எழுத வைத்தது என் தங்கைக்கு நேர்ந்தது. அவள் மருத்துவமனையில் நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்து அவள் வீடு திரும்புவது விடிவதற்கு முன். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது என்பதால், சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்து ஒரு பழைய கார் வாங்க முடிவு செய்தாள். அவசரப்பட்டு வாங்கியவள் இல்லை அவள். எந்த மாடலுக்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், எதை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பார்ப்பார்கள் என்று விசாரித்து, பகட்டில்லாத ஒரு சின்ன வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். மீட்டர் 52,000 காட்டியது. "நாளைக்குக் காலையில் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். "நாளைக்குன்னா வண்டி இருக்காதும்மா, இன்னொருத்தர் அட்வான்ஸோட வந்துட்டு இருக்கார்" என்று பதில் வந்தது. கொடுத்துவிட்டாள்.

வாங்கிய கையோடு வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தாள். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு இசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. அதைத் தன் டைரியில் குறித்துவைத்து, அந்தச் செலவுக்கென்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கவும் தொடங்கினாள்.

மீட்டர் 57,000-ஐத் தொடுவதற்குள் பெல்ட் அறுந்தது. ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது எஞ்சின் ஒரே நொடியில் நின்றது. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்கும் ஒன்றிரண்டு முறை மிதிக்கும்வரைதான் இலகுவாகப் பிடிக்கும், அதற்குப் பிறகு முழு பலத்தோடு மிதித்தாக வேண்டும். பின்னால் லாரிகள் வர, இரு கையாலும் ஸ்டீயரிங்கைத் திருகி, எப்படியோ சாலையோரம் சேர்ந்திருக்கிறாள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட, மேலே வரும் பிஸ்டன் அவற்றில் மோதும் வகை எஞ்சின் அது. வால்வுகள் வளைந்துவிட்டன. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித்தான் வேலை பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக்.

அவர் பெல்ட் மூடியைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். மூடியின் ஓரத்தில், ஆயில் கறை ஏறிப் பழுப்பான ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெல்ட் மாற்றும் மெக்கானிக்குகள் அடுத்தவருக்குத் தெரியட்டும் என்று எழுதி ஒட்டுவது அது. அதில் பேனாவால் எழுதியிருந்த எண் 94,300. அதாவது 94,300-இல் ஏற்கெனவே ஒருமுறை பெல்ட் மாற்றிய வண்டியைத்தான் 52,000 ஓடியது என்று விற்றிருக்கிறார்கள். "இந்த பெல்ட் தேஞ்சிருக்கறதைப் பார்த்தா, அதுக்கப்புறமும் ஒரு லட்சத்துக்குக் கிட்ட ஓடியிருக்கும்" என்றார் அவர். விற்றவரிடம் போய் ஸ்டிக்கரைக் காட்டினோம். அவர் சொன்னது, "பார்த்துத்தானே வாங்கினீங்க?"

எங்கே பார்க்க விட்டீர்கள்? பார்க்க ஒரு நாள் கேட்டவளுக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காமல் பணத்தை வாங்கிவிட்டு, இப்போது பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றால் அது என்ன நியாயம்?

மீட்டர் விஷயத்தைப் பேசும்போதெல்லாம், வாங்குபவர் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதான் என்பதுபோலப் பேசுகிறார்கள். கூடுதல் விலை போனால் போகட்டும் என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவர் வண்டியைப் பராமரிக்கிறார். டைமிங் பெல்ட், கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் கெடு கிலோமீட்டரில்தான் எழுதியிருக்கிறது. எண் பொய்யானால், எவ்வளவு பொறுப்பாகப் பராமரிப்பவரும் தவறான நாளுக்காகக் காத்திருப்பார். என் தங்கை காத்திருந்தது அப்படித்தான். அவளிடமிருந்து பறித்தது பணத்தை மட்டுமில்லை, வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

மெக்கானிக் பார்த்தால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கிறீர்கள். நிறையத் தெரியும். எங்களுக்கு ஒரு மணி நேரமும் குளிர்ந்த எஞ்சினும் இருந்தால் போதும். குளிர்ந்த எஞ்சின் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் வருவதற்குச் சற்று முன் வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால், முதல் ஸ்டார்ட்டில் வரும் நீலப் புகையும் கடகட சத்தமும் எங்களுக்குத் தெரியாமல் போகும். பானெட்டைத் தொட்டுப் பார்த்து அது சுட்டால், நல்ல மெக்கானிக் "அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிடுவார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். "டயர் எல்லாம் புதுசு" என்ற பேச்சு உண்மையா என்று அதிலேயே தெரிந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியில் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். இருக்கையைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டை அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. பெயின்ட் கனம் அளக்கும் கருவியை வைத்தால், கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் காட்டும். ஒரு கதவில் மட்டும் அது பல மடங்கு ஏறினால் அங்கே டிங்கரிங் செய்து பட்டி பூசியிருக்கிறது. அப்புறம், வண்டியின் கணினியோடு இணைத்து அதில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்கப் பிழைக் குறியீடுகளை அழித்திருந்தால், அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனரே சொல்லும். அது நான்கு கிலோமீட்டர் என்று வந்தால் வேறு கேள்வியே வேண்டாம். டேஷ்போர்டு எண்ணை மாற்றிய வண்டிகளிலும், எஞ்சின் கணினியிலோ கியர்பாக்ஸ் கணினியிலோ, சில மாடல்களில் சாவியிலேயே, பழைய எண் பதிவாகி இருப்பதுண்டு.

தேய்மானமும் பொய் சொல்லாது. பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகித் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கி, ஸ்டீயரிங் தோல் பளபளத்துப்போன வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் யார் நம்புவார்கள்? அதனால்தான் அந்த ரப்பரைக்கூட மாற்றிவிடுகிறீர்கள் போலிருக்கிறது.

நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இந்த மடலை முதலில் படிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல வண்டி, எது கெட்ட வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுக்க முன்வருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் விலகிக்கொள்ள, கெட்ட வண்டிகளே சந்தையில் மிஞ்சும். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் அன்றாடம் அனுபவிப்பது இதுதானே? ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு நியாயமான விலை சொன்னால், "அங்கே இதைவிடக் குறைவாக ஓடினது, குறைந்த விலைக்கு இருக்கே" என்று வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார். அந்த ‘குறைவாக ஓடினது’ எப்படிக் குறைந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தொழில் மரியாதை கருதிச் சும்மா இருக்கிறீர்கள். அந்தச் சும்மா இருப்பதற்கு விலை கொடுப்பது நாங்கள்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்பவர் கார்-பாஸ் என்ற ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒர்க்‌ஷாப்புகள் வேலை பார்க்கும்போது மீட்டர் அளவைப் பதிவு செய்ய வேண்டும், அந்த வரலாறு முழுவதும் வாங்குபவர் கைக்கு வந்துவிடும். பிரிட்டனில் வருடாந்தரச் சோதனையில் குறிக்கும் மீட்டர் அளவை, வண்டி எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் மீட்டரைத் திருத்துவதைக் கூட்டரசுச் சட்டம் 1972-லேயே குற்றமாக்கியது. விற்கும்போது மீட்டர் அளவை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதில் வந்ததுதான். வெறும் சட்டம் போதாது என்பதற்கும் அந்த நாடே சான்று. ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்த நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிடுகிறது. ஆகவே சட்டம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ரசீதில் ஒரு வரி எழுத எந்தச் சட்டமும் தேவையில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இப்போது பல கடைகளில் அச்சடித்த சோதனை அறிக்கை ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வரிகள், எல்லாவற்றுக்கும் டிக். பிரேக் நன்று, டயர் நன்று, பேட்டரி நன்று. பிரேக் பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? எஞ்சின் கம்ப்ரஷன் எவ்வளவு? எண் ஒன்றுகூட இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில், விற்ற பிறகு பொறுப்பல்ல. கடன் கொடுப்பவர்களோ மாதத் தவணையைக் கணக்குப் போட்டுக் காட்டுவதோடு சரி, முதல் ஆறு மாதத்தில் ஆயில், பெல்ட், டயர், பேட்டரிக்கு ஒரு தொகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. கையில் இருப்பதை முழுக்க வண்டி விலைக்கே கொட்ட வைத்துவிட்டு, முதல் ரிப்பேரிலேயே மனிதரைக் கடனில் தள்ளுகிறோமே என்று யாருக்கும் தோன்றாதா? புதிய கார் வாங்க வசதி இருப்பவர் உங்களிடம் வருவதில்லையே. ஏமாந்தால் மறுபடி எழ முடியாதவர்கள்தான் அதிகமாக வருகிறார்கள்!

குரல் உயர்ந்துவிட்டது. மன்னிக்கவும். கேட்க வந்ததையே மறுபடி பணிவாகக் கேட்கிறேன்.

வண்டியைப் பிடித்துவிட்டது, மெக்கானிக்கோடு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். இன்னொருவர் வருகிறார் என்று நெருக்காதீர்கள். உண்மையாகவே வருகிறார் என்றால், சோதித்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்திவையுங்கள். எஞ்சினைச் சூடேற்றாமல் வையுங்கள். சர்வீஸ் பதிவேடு இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற விலையை நாங்கள் பேசிக்கொள்கிறோம். 1,80,000 ஓடிய வண்டி என்று தெரிந்தே வாங்க ஆள் இருக்கிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டிய அப்படிப்பட்ட வண்டி, கவனிப்பில்லாமல் 60,000 ஓடியதைவிட நன்றாக உழைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ரசீதில் மீட்டர் எண்ணை எழுதி, "எனக்குத் தெரிந்தவரை இது சரியான அளவு" என்று கையெழுத்துப் போடுங்கள். தெரியவில்லை என்றால் "சரிபார்க்கப்படவில்லை" என்றாவது எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்தால் என் தங்கை போன்றவர்கள் பெல்ட்டை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவார்கள்.

என் தங்கைக்கு வண்டி விற்ற ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஸ்டிக்கரின் படமும் மெக்கானிக்கின் பில்லும் உங்களிடம் கொடுத்திருக்கிறோம். மீட்டரைத் திருப்பியது நீங்கள் இல்லை, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் என்றீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். பார்க்க விடாமல் விற்றது நீங்கள்தான். ஹெட் வேலைக்கான செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மரியாதையோடு கேட்கிறேன். வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது, தங்கையின் அடுத்த இரவு ஷிப்ட் திங்கட்கிழமை தொடங்குகிறது.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
வாடிக்கையாளர் ஒருவரின் அண்ணன்