மேடையை விட்டு இறங்காதே

அன்புள்ள செல்வம்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறு. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, வீட்டில் எல்லோரும் நலம், மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து இதை எழுதக் காரணம், நீ இனி நடிக்கப் போவதில்லை என்று ராஜபார்ட் சொன்ன செய்திதான். எழுதுகிறவன் நடித்தால் இரண்டும் கெடும் என்று யாரோ சொன்னதை நம்பி, பதினெட்டு வருடம் நின்ற மேடையை விட்டுவிட்டுத் திரைக்கதை மட்டும் எழுதப் போகிறாயாம். துரோணரின் தாடி பாதியில் கழன்று விழுந்தபோதுகூட மேடையை விட்டு இறங்காதவனா இப்படி ஒரு பேச்சுக்கு இறங்குகிறான் என்று எனக்கு மனம் ஆறவில்லை.

நான் அயர்லாந்தின் டப்ளினுக்கு வந்த நாளிலிருந்து திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் மார்க் ஓ'ஹாலரன். கிளேர் மாவட்டத்து என்னிஸ் ஊர்க்காரர். நடிகர், எழுத்தாளர் இரண்டும். 2004-இல் லென்னி ஆப்ரஹாம்சன் இயக்கிய 'ஆடம் அண்ட் பால்' படத்தை எழுதியவரும் அவரே, அதில் வரும் இருவரில் ஒருவராக நடித்தவரும் அவரே. மற்றொருவர், 1998-இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது வாங்கிய டாம் மர்ஃபி. ஹெராயினுக்கு அடிமையான இரண்டு நண்பர்கள் ஒரு நாள் முழுக்க அதைத் தேடி டப்ளின் தெருக்களில் அலைகிறார்கள் என்பதற்கு மேல் அதில் கதை கிடையாது. படம் தொடங்கும்போது ஒருவன் உடம்பு மெத்தையோடு பசையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவனைப் பிய்த்து எடுப்பதில்தான் அவர்கள் பொழுது விடிகிறது. சிரித்துக்கொண்டே பார்க்கத் தொடங்குகிறோம், விடியற்காலைக் கடற்கரையில் இருவரில் ஒருவன் எழுந்திருக்காமல் கிடக்கும்போது நமக்குச் சத்தம் வருவதில்லை.

அதில் ஒரு பெஞ்சுக் காட்சி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரனை இவர்கள் ருமேனியன் என்று நினைத்துவிட, தான் பல்கேரியன் என்று அவன் கொதித்துப் போகிறான். ஊர் மதிக்காத இருவரும் ஊருக்கு அந்நியமான ஒருவனும் ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் என்னையும் ஒவ்வொரு நாட்டுக்காரனாக நினைத்துக் கேட்கிறவர்கள் உண்டென்பதால் அந்தக் காட்சி என்னை விடவே இல்லை. அந்தப் பல்கேரியனின் கோபத்தை எழுதியது பேனாதான் என்றாலும், எதிரில் விழித்துக்கொண்டு பதில் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று ஒரு நடிகனுக்குத்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். டாம் மர்ஃபி 2007-இல், நாற்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். இப்போது அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் கண்ணப்பனை நினைக்காமல் இருக்க முடியவில்லை, அவன் விட்டுப்போன வேடத்தை நாம் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை அல்லவா.

அதே 2007-இல் ஆப்ரஹாம்சன், ஓ'ஹாலரன் கூட்டணியில் 'கராஜ்' வந்தது. இந்த முறை ஓ'ஹாலரன் தனக்கென்று பெரிய வேடத்தை எழுதிக்கொள்ளவில்லை. அயர்லாந்து முழுக்கச் சிரிப்பு நடிகராக அறிந்திருந்த பேட் ஷார்ட், சிற்றூர்ப் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்யும் ஜோசியாக நடித்தார். ஊரே கிண்டல் செய்யும் ஒரு வெள்ளந்தி மனிதன் அவன். கட்டிப் போட்டிருக்கும் தனிக் குதிரைக்கு ஆப்பிள் கொடுப்பான்; உதவிக்கு வந்த பதினைந்து வயதுப் பையனோடு வேலை முடிந்ததும் உட்கார்ந்து பீர் குடிப்பான்; அறியாமல் செய்த ஒரு தவறுக்காகக் காவல் நிலையம் வரை போய், கடைசியில் ஆற்றில் இறங்கிவிடுவான். அவனுக்கு வசனமே குறைவு, உள்ளதும் பிறர் சொன்னதற்கு ஆமாம் போடுகிற சொற்கள்தான். செல்வம், உன் கைப்பிரதியில் ஒவ்வொரு பாத்திரமும் தன் துயரத்தை முழுப் பத்தியாகச் சொல்லிவிடுகிறது என்று நான் குறைப்பட்டது உனக்கு நினைவிருக்கும். மேடையில் நீ செய்கிற ஒரு மௌனத்தைத் தாளில் நீயே நம்ப மறுக்கிறாய். ஓ'ஹாலரன் நம்பினார், பார்வையையும் தொப்பியின் நிழலையும் தோளின் தொய்வையும் நடிகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார். கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் அந்தப் படத்துக்கு விருது கிடைத்தது.

பிறகு அவர் ஒரே ஊரில் நிற்கவும் இல்லை. 2015-இல் வந்த 'விவா', அவர் எழுதி, பேடி ப்ரத்னக் இயக்கி ஹவானாவில் ஸ்பானிய மொழியில் எடுத்த படம். ஆண்கள் பெண் வேடமிட்டுப் பாட்டுக்கு வாயசைக்கும் விடுதியில் பொய்முடி சீவிக்கொண்டிருக்கும் பையன் ஒருநாள் தானே மேடையேறுகிறான். பல காலம் காணாமல் போயிருந்த குத்துச்சண்டைக்காரத் தந்தை வந்து அவன் முகத்தில் குத்துகிறான். அயர்லாந்து அதைத்தான் ஆஸ்கருக்கு அனுப்பியது, இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஒன்பது படங்களில் ஒன்றாகவும் வந்தது. இன்னொன்றும் உண்டு. விடுதி அறையில் சந்திக்கும் இரண்டு ஆண்களை வைத்து 2011-இல் அவர் எழுதிய 'ட்ரேட்' என்ற நாடகம் 2019-இல் 'ரியால்டோ' என்ற படமாயிற்று, அதன் பின் அண்ணன் மகளா தங்கை மகளா என்று என்னிடம் கேட்காதே, அவர் குடும்பத்துப் பெண்ணான எம்மா ஓ'ஹாலரன் இசையமைக்க ஓபராவும் ஆயிற்று. பாடல் நூலையும் அவரே எழுதினார். ஒரே அறையை மூன்று முறை திறந்து பார்த்திருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் நடிப்பை விடவே இல்லை. 2019-இல் ஷேன் மெடோஸ் எடுத்த 'தி வர்ச்சூஸ்' தொடரில் சிறிய வேடம்தான், அவர் வந்து நின்றாலே எனக்கு உள்ளுக்குள் பதற்றம் தொற்றிக்கொண்டது.

உனக்கு அறிவுரை சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உன் எழுத்தில் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு வரியும் ஒத்திகையில் உன் வாயில் பிறந்தது என்பதை உன்னோடு வசனம் பார்த்த எனக்குத் தெரியும். மார்கழியில் ஊருக்கு வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். அந்த இரண்டாவது கைப்பிரதியை, தறிக்காரன் கதையை, அதற்குள் பாதியாகக் குறைத்து வை. தறிக்காரன் வேடத்தை நீயே எடுத்துக்கொள். ராஜபார்ட்டிடம் மாடி அறைச் சாவியை வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
கதிர்