வெள்ளம் வடிந்த பிறகு நிலநடுக்கக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெடுஞ்சாலைப் பாலங்களின் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளம், நிலநடுக்கம், அதிக எடை, துரு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துத் தெளிவாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். நெடுங்காலம் பாலங்களை ஆய்வு செய்யும் வேலையில் இருந்தவன் நான். நாங்களும் அப்படித் தனித்தனியாகத்தான் பார்த்தோம். ஆற்றுப் படுகையை அளப்பது ஒரு பிரிவு, நிலநடுக்கக் கணக்குப் போடுவது வேறு பிரிவு, விரிசலையும் துருவையும் பார்ப்பது இன்னொரு பிரிவு. மூன்று அறிக்கைகளும் 'திருப்திகரம்' என்றே வந்து சேரும். அந்த மூன்று அறிக்கைகளும் ஒரே தூணைப் பற்றியவை என்பதை யாரும் உட்கார்ந்து யோசித்ததாக எனக்கு நினைவில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்த உறுத்தல்தான்.

முதலில் மண்ணரிப்பு. ஓடிவரும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று, அடிமண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் 1989 முதல் 2000 வரை செயலிழந்த 503 பாலங்களை எடுத்து ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் காரணம் வெள்ளமும் மண்ணரிப்புமாகத்தான் இருந்தது. பள்ளம் மிக ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. அப்போது யாரும் பக்கத்தில் போய் அளக்க முடியாது. வெள்ளம் வடியும்போது ஆறு கொண்டுவரும் மணலும் சேறும் அதே பள்ளத்தில் வந்து படியும். தண்ணீர் குறைந்த பிறகு போய்ப் பார்த்தால் படுகை பழையபடி சமமாகத் தெரியும். ஒருமுறை படகில் இருந்தபடி ஒரு தூணின் அருகே இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தோம். தடையே இல்லாமல் என் உயரத்துக்கும் மேலாக இறங்கியது. அதற்கு முந்தைய அறிக்கையில் அந்தத் தூணுக்கு நேராக 'மாற்றமில்லை' என்று எழுதியிருந்தது. கண்ணால் பார்த்து எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் புதிதாக வந்து படிந்த அந்தத் தளர்ந்த மண் தூணைப் பிடித்து நிறுத்தாது.

இனி அதே தூணுக்கு நிலநடுக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் இருக்கும் கணக்கு, கட்டியபோது இருந்த மண் மட்டத்தை வைத்துப் போட்டது. மண் போன பிறகு, தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல் என்ற கம்பங்களின் மேல்பகுதி பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. தூணே நீண்டுவிட்டதைப் போல. அப்போது பாலத்தின் மேல் வரும் அதிர்வு விசை ஓரளவு குறையலாம், அதனால் அரிப்பு ஒரு வகையில் நன்மை என்று வாதிட்ட பொறியாளர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசை குறைகிற அதே பாலத்தில் ஆட்டம் கூடுகிறது. உத்திரம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலத்தைவிட ஆட்டம் மிஞ்சினால் தளம் நழுவிக் கீழே விழும். பைலில் அதிக வளைவு வரும் இடமும் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே கம்பியைக் குறைத்துப் போட்டிருந்தால் அந்த வளைவை அது தாங்காது. அரிப்பு எல்லாத் தூண்களிலும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. அரிக்கப்படாத தூண் விறைப்பாக நிற்பதால், பக்கத்துத் தூண்கள் ஏற்க வேண்டிய விசையையும் சேர்த்து அதுவே வாங்கிக்கொள்ளும். படுகை அறிக்கையில் 'நல்ல நிலை' என்று குறித்த தூண் முதலில் உடைவதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது.

பெருவெள்ளமும் பெரும் நிலநடுக்கமும் ஒரே நாளிலா வரப்போகிறது என்று கேட்பார்கள். அந்த வாய்ப்பு மிகக் குறைவுதான். வடிவமைப்பு விதிகள் இரண்டின் உச்சத்தையும் அப்படியே கூட்டாமல் விடுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும், அது தோண்டிய பள்ளம் தளர்ந்த மண்ணால் மூடியிருந்தாலும், அந்தப் பலவீனமும் பெயர்த்த கற்களும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். தூண்களின் ஆழமில்லாத அடித்தளத்தைச் சுற்றிக் காவலாகப் போட வேண்டிய பாறைக் கற்கள் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் மேல் இருந்த ஹின்ட்சே ரிபெய்ரோ பாலத்தின் கதை இன்னும் கனமானது. அங்கே பல ஆண்டுகள் மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்துகொண்டே போனது. 2001 மார்ச் 4 இரவு, ஆறு பெருக்கெடுத்து ஓடியபோது ஒரு தூண் சரிந்தது. ஒரு பேருந்தும் மூன்று கார்களும் ஆற்றில் விழுந்து 59 பேர் மாண்டார்கள். அந்த மரணங்களை மணல் எடுத்தது என்ற கணக்கில் எழுதுவதா, வெள்ளம் என்ற கணக்கில் எழுதுவதா?

துருவும் இப்படித்தான் மற்ற ஆபத்துகளோடு கைகோக்கும். கான்கிரீட் தூணில் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி மெல்லியது, மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான். ஆகவே முதலில் துருப்பிடிப்பது அது. அன்றாடப் போக்குவரத்தின் சுமைக்கு ரிங் கம்பி மெலிந்தது பெரிதாகத் தெரியாது. வண்டிகள் ஓடும், எடைச் சோதனையிலும் பாலம் தேறிவிடும். நிலநடுக்கத்தின்போது தூண் வெடித்துப் பிளக்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டியது அதே ரிங் கம்பிதான். எடைச் சோதனையில் கிடைத்த நற்சான்றை நிலநடுக்கத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதை இளம் பொறியாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது.

ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு வினையாவதும் உண்டு. நிலநடுக்கத்துக்காகத் தூணைச் சுற்றிக் கான்கிரீட் உறை போட்டுத் தடிமனாக்குகிறோம். தூண் அகலமானால் அதைச் சுற்றி நீர் தோண்டும் பள்ளமும் ஆழமாகும். வெள்ளத்தில் வரும் மரங்கள் தூணில் சிக்கிக்கொண்டாலும் இதே விளைவுதான். அலையோ வெள்ளமோ தூக்கிவிடாமல் இருக்கத் தளத்தின் எடையைக் கூட்டினால், நிலநடுக்க விசை எடையோடு சேர்ந்து கூடிவிடும். ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று உதாட்சு பாலம் அத்தனை பெரிய அதிர்வையும் தாங்கி நின்றது. பின்னால் வந்த சுனாமி அதன் தளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோனது.

என்ன செய்யலாம்? ஒரு பாலத்துக்கு ஒரே கோப்பு என்பதில் தொடங்க வேண்டும். பெருவெள்ளம் போன ஒவ்வொரு முறையும் தூண்களின் அடியை ஒலி அலைக் கருவியால் அளந்து, நிரம்பியிருப்பது பழைய மண்ணா புது மண்ணா என்று துளையிட்டுப் பார்த்து, அந்த மட்டத்தை வைத்து நிலநடுக்கக் கணக்கை மறுபடியும் போட வேண்டும். எவ்வளவு அதிர்வுக்கு எவ்வளவு சேத வாய்ப்பு என்று பொறியாளர்கள் வரையும் வளைகோடு, கட்டி முடித்த நாளின் பாலத்துக்கு உரியது. அரிப்பும் துருவும் ஏற ஏற அது மாறும். அதையும் திருத்தி வரைய வேண்டும். ஆற்றில் நீர் எந்த மட்டத்தைத் தொட்டால் பாலத்தை மூடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மூடும் அதிகாரத்தைக் களத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். எல்லாப் பாலங்களுக்கும் இதை ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது என்பதை அறிவேன். ஆழமில்லாத அடித்தளம் கொண்டவை, மணல் அள்ளப்பட்ட ஆறுகளில் நிற்பவை, இடிந்தால் மருத்துவமனைக்குப் போக வேறு வழி இல்லாதவை ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பாலம் பாதுகாப்பானது என்று யாராவது சான்றளித்தால், தூண்களின் அடியில் மண் மட்டத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள், அந்த அளவை வைத்து நிலநடுக்கக் கணக்கை மறுபடி போட்டீர்களா என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். கிடைக்கும் பதிலை, பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும், அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால ஆய்வுப் பொறியாளர்